ஏகாதசிக்கு வந்த காய்ச்சல்

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு அது சொந்த வீடாக இருக்காது. ஏகாதசிக்கு முந்திய பகல் பத்து நாட்கள் தொடங்கும்போதே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உறவுக்காரர்கள் பெட்டியோடு வந்து இறங்கிவிடுவார்கள். யார் எந்த அறையில் படுப்பது, யார் முதலில் குளிப்பது, யாருக்குப் பாஸ் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சே இருக்காது. அம்மாவுக்கு இதில் சலிப்பு வந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பிறந்ததிலிருந்தே சலிப்புதான். கூட்டம் என்றால் எனக்குக் கை கால் நிலைகொள்ளாது.

நான் பிள்ளை பெற்று வந்திருந்த வருஷம் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். பெருமாளைச் சேவிக்க வந்தவர்களுக்குக் கூடவே கொஞ்சுவதற்கு ஒரு பச்சைக்குழந்தையும் கிடைத்துவிட்டது. என் கணவருக்குத் திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை. எங்கள் வீடு காட்டூரில் இருக்கிறது. தலைப்பிரசவம் என்பதால் நான் ஸ்ரீரங்கத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அவர் வாரம் தவறாமல் வந்து, தூக்கத் தெரியாமல் மகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

பிரசவத் தீட்டு முடியும்வரை என்னையும் குழந்தையையும் உள்ளறையில் வைத்து, யாரும் கிட்டே வராமல் அம்மா பார்த்துக்கொண்டாள். தீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பெற்றவளை மூலையில் உட்கார வைப்பதற்கு ஒரு சாக்கு என்று அவளோடு சண்டை பிடித்தேன். இன்றும் அந்தக் கருத்தில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனம் ஆனதும் அந்த அறைக் கதவு திறந்தது பாருங்கள், அது வேறு கதை. வரிசையில் நின்று பிரசாதம் வாங்குவதுபோல ஆளுக்கொரு முறை குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார்கள். கன்னத்தை வழித்தார்கள், முகர்ந்தார்கள், மூக்கு யார் ஜாடை என்று விவாதம் நடத்தினார்கள். என் சித்தி மகளின் இரண்டு வயதுப் பெண் தன் விரலைச் சூப்பிவிட்டு, அதே விரலைப் பாப்பாவின் வாயில் கொடுத்தது. அவளும் சப்பினாள். எல்லாரும் சிரித்தார்கள். அதைப் போனில் படம் எடுத்து எனக்கும் அனுப்பினார்கள்.

நான் செய்கிற வேலையைச் சொன்னால் அந்தப் படத்தைப் பார்த்து நான் எப்படிச் சிரித்தேன் என்று கேட்பீர்கள். தில்லைநகர்ப் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வைரஸ் பிரிவில் இருக்கிறேன். மூக்கிலிருந்து எடுத்த சளி, ரத்தம், தண்டுவட நீர் என்று எது வந்தாலும் அதற்குள் எந்த வைரஸின் மரபணு இருக்கிறது என்று கருவியில் ஏற்றிப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. எச்சில் என்பது என்ன, அதில் என்னென்ன பயணம் செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெற்ற மயக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதில் படித்ததெல்லாம் போய்விடும்.

ஏகாதசிக்கு முந்தின நாள் காலை, பால் கொடுக்க எடுத்தபோது அவள் வாய் என் மார்பில் சுட்டது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தேன். நூறைத் தாண்டியிருந்தது. கருவி பழுதோ என்று எனக்கே வைத்துப் பார்த்தேன், அம்மாவுக்கு வைத்துப் பார்த்தேன், மறுபடியும் அவளுக்கு வைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சரியாகக் காட்டிய கருவி அவளுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

"ஒரு ரூம்ல இத்தனை ஜனம் இருந்தா குழந்தைக்கு உஷ்ணமா இருக்காதா? நீ சித்த சும்மா இரு" என்றாள் அம்மா. ஒரு பெரியப்பா உரைமருந்து கொடுக்கச் சொன்னார். ஒரு மாமி வீட்டில் இருந்த காய்ச்சல் சொட்டுமருந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் அந்தப் பாட்டிலை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதை இறக்கிக் காட்டுவது வேலை அல்ல, ஏன் வந்தது என்று பார்ப்பதுதான் வேலை. இதை நான் மரியாதையாகச் சொல்லவில்லை. கத்தினேன்.

தெருவெல்லாம் தடுப்புக் கட்டைகள் போட்டிருந்தார்கள். ஆட்டோ உள்ளே வராது. போலீஸ்காரர் ஒருவர் பாஸ் கேட்டார். குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன், தொட்டுப் பார்க்காமலே வழி விட்டார். எல்லாரும் கோயிலைப் பார்த்து வர, நான் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் நடந்தேன். கடைசித் தடுப்புக்கு வெளியே ஒரு ஆட்டோ கிடைத்தது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. அவள் அழுதாலாவது பரவாயில்லை என்று இருந்தது. அழவில்லை. உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே போனேன். என் கணவர் காட்டூரிலிருந்து நேரே மருத்துவமனைக்கு வந்து வாசலில் நின்றிருந்தார்.

குழந்தை மருத்துவர் அதிகம் பேசாதவர். அதனால் அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. இந்த வயதில் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். கிருமி ரத்தத்தில் இருக்கலாம், சிறுநீரில் இருக்கலாம், மூளையைச் சுற்றிய நீரில் இருக்கலாம். மூன்றையும் எடுத்து அனுப்பிவிட்டு, விடை வரும்வரை காத்திராமல் ஊசி மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். முதுகெலும்பின் கீழ்ப்பக்கம் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுக்கச் சம்மதம் கேட்டார். தொழிற்சாலையில் டன் கணக்கில் இரும்பைத் தூக்கி வைக்கிற கிரேனுக்குப் பக்கத்தில் நின்று பழகிய என் கணவருக்குப் பேனா பிடிக்கக் கை வரவில்லை. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் தண்டுவட நீரின் முதல் முடிவு வந்தது. அதில் அணுக்கள் கூடியிருந்தன. அதாவது மூளை உறையில் அழற்சி இருக்கிறது. செய்தது பாக்டீரியாவா வைரஸா என்று தெரியாது. பாக்டீரியா என்றால் மூன்று வாரம் நரம்பு வழியாக ஊசி, அதற்குப் பிறகும் காது கேட்கிறதா, மூளை வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்டெரோ என்கிற வகை வைரஸாக இருந்தால், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஊசியை நிறுத்தி, சில நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம்.

எண்டெரோ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்குப் போன் செய்து, சித்தி மகளின் குழந்தையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்க்கச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் வந்தாள்.

"கையில சிவப்பா பொட்டுப் பொட்டா இருக்கு. கால்லயும் இருக்கு. கொசுக்கடின்னு அவ அம்மா சொல்றா. ரெண்டு நாளா தயிர்சாதம் தவிர எதையும் வாயில வச்சிக்கலையாம்" என்றாள்.

தக்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்கிறார்களே, அதுதான். கை, கால், வாயில் கொப்புளம். அதைச் செய்வது இந்த எண்டெரோ வகைதான். மருத்துவரிடம் ஓடினேன். துப்பறிந்து கண்டுபிடித்துவிட்ட திமிரோடு சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார்.

"வீட்ல ஒரு குழந்தைக்கு இருக்குங்கிறதுக்காக இவளுக்கும் அதுதான்னு நான் ஊசிய நிறுத்த முடியாதும்மா. இவளோட தண்ணியில இருக்குன்னு எனக்குத் தெரியணும். உங்க லேபுக்குத்தான் அனுப்பியிருக்கேன்."

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. சோதனைக்கு ஒரு மாதிரி வந்த உடனே அதை மட்டும் கருவியில் ஏற்ற மாட்டோம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டு இருக்கும். சில மாதிரிகளாவது சேர்ந்த பிறகுதான் அதைப் போடுவோம். ஒன்றுக்குப் போட்டாலும் பலதுக்குப் போட்டாலும் மருந்தும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான். சாதாரண நாளில் மாலைக்குள் தட்டு நிறைந்துவிடும். ஆனால் மறுநாள் ஏகாதசி, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பாதி மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு கிடையாது. சாலையெல்லாம் திருப்பி விடப்பட்டிருந்ததால் மாதிரி எடுத்து வருகிற பையன்களும் வரவில்லை.

என் இடத்தில் அப்போது வேலை பார்த்தவள் பாலக்கரையைச் சேர்ந்தவள், என்னைவிட இளையவள், நான் வேலை பழக்கிவிட்டவள். ஏகாதசியன்று காலையிலிருந்து அவளுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். "அக்கா, தண்டுவட நீர்ல உங்களது ஒண்ணுதான் இருக்கு. இன்னும் ஒண்ணு ரெண்டு வந்தா ரன் போட்டுடறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாலும் அதேதான். தையல் போட்ட உடம்போடு நான் அந்த நடைக்கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். சிஸ்டர்கள் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எழுந்தேன். கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தேன். கையில் ஊசி செருகி, அசையாமல் இருக்கச் சின்னக் கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவள் கை அந்தக் கட்டையைவிடச் சின்னதாக இருந்தது. வாசலை விட்டு வந்து மறுபடி நடந்தேன்.

அந்தப் பிரிவில் அம்மாக்களுக்கு என்று ஓர் அறை உண்டு. நேரத்துக்குக் கூப்பிடும்வரை அங்கே உட்கார்ந்து, பாலைக் கிண்ணத்தில் பிழிந்து உள்ளே கொடுத்து அனுப்புவோம். என்னோடு அங்கே தொட்டியத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில் வாழை விவசாயம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். அவளுக்கு மகன். என் மகளுக்கு இரண்டு தொட்டில் தள்ளிப் படுத்திருந்தான். அவனுக்கும் காய்ச்சல், தண்டுவட நீரில் அணுக்கள், அதே ஊசி மருந்து. அவள் சுவரில் சாய்ந்து, கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க. நீங்க நடக்கறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

உட்கார்ந்தேன். பேச்சில்தான் தெரிந்தது, அந்த வைரஸ் பரிசோதனையை மருத்துவர் அவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். பிள்ளையைக் குத்தினது போதும் என்று மாமியார் தடுத்துவிட்டாராம். எனக்கு மூளை வேகமாக ஓடியது. புதிதாகக் குத்தவே வேண்டாம், எடுத்த தண்ணீரே மிச்சம் இருக்கும், அதிலேயே பார்த்துவிடலாம் என்றேன். வைரஸ் என்று தெரிந்துவிட்டால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், ஊருக்குப் போய்விடலாம் என்றேன். அவள் நன்மைக்காகவும் சொன்னேன், என் தட்டு நிறைவதற்காகவும் சொன்னேன். இரண்டும் உண்மை. எது எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

"வைரஸ்னா கெட்டதுதானேக்கா?"

"இப்போ நமக்கு அதுதான் நல்லது. இருக்கறதுலயே அதுதான் நல்லது."

அவள் கணவனைக் கூப்பிட்டுப் பேசினாள். அவன் தன் அம்மாவிடம் பேசினான். மதியத்துக்கு முன்னால் அவர்கள் மகனின் மாதிரியும் தில்லைநகர் போய்விட்டது. வேறொரு மருத்துவமனையிலிருந்து ஒரு சளி மாதிரியும் வந்ததாம். "போடறேன்க்கா" என்று குறுஞ்செய்தி வந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய அவஸ்தை. என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள் காத்திருப்பது ஒரு மாதிரி. எனக்கு ஒவ்வொரு படியும் தெரியும். இப்போது மரபணுவைப் பிரித்தெடுப்பாள், இப்போது மருந்தோடு கலப்பாள், இப்போது தட்டை மூடி கருவிக்குள் வைப்பாள். திரையில் முதலில் ஒன்றும் தெரியாது. எல்லாக் கோடுகளும் தரையோடு தரையாகப் போகும். வைரஸ் இருந்தால் ஓர் இடத்தில் கோடு தலைதூக்கும். இல்லை என்றால் கடைசிவரை படுத்தே கிடக்கும். இதையெல்லாம் தொட்டியத்துப் பெண்ணுக்கு விளக்கினேன். சொல்லாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அவள் கவனமாகக் கேட்டாள்.

"கோடு ஏறணும், அவ்வளவுதானே? வைரஸா இருக்கணும்னு சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். உங்க பாப்பாவுக்கும் சேத்துத்தான்" என்றாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மாவும் போன் செய்தாள். பரமபத வாசல் வழியாகப் போகும்போது மோட்சம் கேட்கவில்லை, பேத்திக்கு வைரஸ் கேட்டதாகச் சொன்னாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

போன் வந்தபோது நான் மறுபடி நடைக்கூடத்தில் இருந்தேன்.

"அக்கா, ஏறிடுச்சு. நல்லாவே ஏறிடுச்சு. எண்டெரோதான்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் கணவர் ஓடி வந்தார், என் அழுகையைத் தப்பாகப் புரிந்துகொண்டு அவரும் முகம் வெளுத்துப் போனார். நான் தலையை ஆட்டி, சிரித்து, மறுபடி அழுது அவருக்குப் புரியவைத்தேன். அப்புறம் போனில், அந்த இன்னொரு குழந்தையுடையது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது டாக்டருக்கே போயிடும்க்கா" என்றாள். அப்படித்தான் சொல்ல வேண்டும், அவள் செய்தது சரி. ஆனால் என் மகளுடையதைச் சொல்லும்போது இருந்த குரல் அதில் இல்லை.

அந்தச் செய்தியை மருத்துவரே தொட்டியத்துக்காரர்களிடம் சொன்னார். வைரஸ் இல்லை. அடுத்த நாள் பையனின் தண்டுவட நீரிலிருந்து வளர்த்துப் பார்த்ததில் பாக்டீரியாவும் வளர்ந்திருந்தது என்று சிஸ்டர்கள் பேசிக்கொண்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படுகிறது, ஆனால் மூன்று வாரம் கட்டாயம். என் மகளுடைய ரத்தத்திலும் சிறுநீரிலும் தண்டுவட நீரிலும் எதுவும் வளரவில்லை. ஊசியைக் கழற்றினார்கள். காய்ச்சல் தானாக இறங்கியது. பசித்து அழுதாள், அந்தப் பிரிவே கேட்கும்படி அழுதாள். எனக்கு அங்கே ஒரு நிமிஷம்கூட இருக்கப் பிடிக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் போய்விடத்தான் இவ்வளவு அவசரம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வீட்டுக்கு விட்ட அன்று பைகளைக் கட்டிவிட்டேன். என் கணவர் கீழே காரோடு நின்று போன் மேல் போன் அடித்தார். அம்மாக்கள் அறையில் பால் கொடுத்து முடித்து எழுந்தபோது அவள் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்க லேப்ல இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லுங்க. அன்னைக்கு லீவு நாளு, அவசரத்துல பாத்திருப்பாங்க. மாறிப்போயிருக்கும்."

அந்தத் தட்டில் தண்டுவட நீர் வைத்த குழந்தைகள் இரண்டு பேர்தான். அவளுடையது மாறியிருந்தால் யாருடையதோடு மாறியிருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. நான் யோசித்துவிட்டேன். என் கை தானாக மகளை இறுக்கிக்கொண்டது. சரி, சொல்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கீழே கார் நின்றது.

நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தட்டிலும் வெறும் தண்ணீர் ஒரு குழியில் வைப்போம், அதில் கோடு ஏறவே கூடாது என்றேன். வைரஸ் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை இன்னொரு குழியில் வைப்போம், அதில் ஏறியே ஆக வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் தட்டு முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து பார்ப்போம். பெயர் ஒட்டுவதையும் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள். அவன் மாதிரியில் வேறு கிருமி வளர்ந்ததும் இதோடு ஒத்துத்தான் போகிறது. இதையெல்லாம் எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். மெதுவாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அவள் கேட்டுக்கொண்டே என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருதும் ஒண்ணாத்தான் பாத்தாங்களா?"

"ஒண்ணாத்தான். ஒரே தட்டுல."

அவள் கண் மகளிடமிருந்து என் முகத்துக்கு வந்தது, நான் மகளைப் பிடித்திருந்த கைக்குப் போயிற்று. மாறியிருந்தால் யாரோடு மாறியிருக்கும் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"அப்ப சரியாத்தான் இருக்கும்க்கா" என்றாள். "சரியாத்தான் பாத்திருப்பாங்க."

குனிந்து பாப்பாவின் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டாள். வெளியே காற்று அடிக்கிறது, துணியைச் சுற்றிக்கொண்டு போங்கள் என்றாள். பிறகு பால் பிழியும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.